நாலு அங்குல அலகு, இரண்டரை மில்லி முதுகு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். நாலு, ஐந்து அங்குல அலகுள்ள மடங்காத கத்தி ஒன்று வாங்க ஆசை. வாரக் கடைசியில் மலைப்பக்கம் போகிறீர்கள், ஊரில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வீடியோக்களில் இந்த மாதிரிக் கத்தியைக் கட்டையால் அடித்தே விறகு பிளக்கிறார்கள். வாங்கினால் தினமும் உபயோகப்படுமா, எந்த இரும்பு நல்லது என்று கேட்கிறீர்கள். இதில் எந்த இரும்பு என்பதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். தோப்பில் அரிவாள் இருக்கிறது, அடுப்படியில் கத்தி இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றுக்கு வேலை இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கிறது, அதுவும் நிறைய. ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற கத்தி வேறு, வீடியோவில் அடி வாங்குகிற கத்தி வேறு.

நான் கோவையில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் பட்டறையில் 9 வருடம் இருந்தேன். அப்புறம் 12 வருடமாகத் தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகு, மலைவாழை என்று ஒரு சின்னத் தோட்டம். இரும்பு எப்படிக் கடினமாகிறது, எப்படி அந்தக் கடினம் போகிறது என்பதை முதல் தொழிலில் கற்றுக்கொண்டேன். எந்தக் கத்தி இடுப்பிலேயே தங்குகிறது, எது பத்து நாளில் அலமாரிக்குப் போகிறது என்பதைத் தோட்டத்தில். பனியிலோ பாலைவனத்திலோ கத்தி பிடித்ததில்லை, வேட்டையும் தெரியாது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் மழையும் ஈரமும் வாழைக்கறையும் உள்ள ஊருக்கானது.

முதன்முதலில் நான் வாங்கியது முதுகு, அதாவது வாய்க்கு எதிர்ப்பக்க விளிம்பு, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கனமான கத்தி. கையில் எடுத்தால் நம்பிக்கை வரும். ஆனால் ஒரு மாங்காயை நறுக்கப் போனால் பாதியில் மாங்காய் தானாகப் பிளந்துகொள்ளும், நறுக்கு விழாது. கேரட்டும் அப்படித்தான், டக்கென்று சத்தத்தோடு உடையும். வாய் கூராகத்தான் இருந்தது, கூருக்குப் பின்னால் வருகிற தடிமன்தான் ஆப்பு மாதிரி வேலை செய்தது. கத்தி எவ்வளவு நன்றாக வெட்டும் என்பதில் எஃகின் பெயரைவிட வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லிசு என்பதுதான் பெரிய விஷயம். இதைச் சந்தேகமில்லாமல் சொல்வேன். அந்தக் கத்தியை ஒரு மாதம் இடுப்பில் சுமந்துவிட்டு, அரை கிலோ கனம் தாங்காமல் கழற்றி வைத்தேன்.

அடுத்து வந்தது சுவீடன் நாட்டு மோரா, கம்பேனியன் என்கிற சாதாரண மாடல். அலகு 4 அங்குலத்துக்கு ஒரு நூல் கூட, துருப்பிடிக்காத எஃகில் வருவதற்கு முதுகு 2.5 மில்லிமீட்டர். இந்தக் கத்தி பிறந்த கதையே உங்கள் கேள்விக்குப் பதில் மாதிரி இருக்கும். மோரா ஊருக்குப் பக்கத்தில் ஓஸ்ட்நோர் என்கிற கிராமத்தில், அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஃபிராஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891-இல் மரம் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகள் செய்யத் தொழிற்சாலை போட்டார். அந்த வண்டி வேலைக்குத் தேவையென்றுதான் அங்கே கத்தியும் செய்தார்கள், போகப்போகக் கத்தியே முக்கியத் தொழிலாகிவிட்டது. சண்டைக்கோ சாகசத்துக்கோ யோசித்த வடிவம் இல்லை, மரவேலை செய்கிறவன் கைக்கு வந்த வடிவம். இன்றைக்கும் அந்த ஊர்ப் பக்கம் தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லோரும் வேலைக்குக் கொண்டு போவது இந்த வகைதான். இதே நிறுவனத்தைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, அளவைக் காட்டத்தான் சொன்னேன். 2.5-லிருந்து 3.2 மில்லிக்குள் முதுகு, 4 அங்குலம் பக்கத்தில் அலகு, கை வழுக்காத பிடி. இந்த மூன்றும் இருந்தால் யார் செய்ததாக இருந்தாலும் சரி.

இனி தினசரி வேலைக்கு வருவோம். நேற்று ஒரு நாளில் என் கத்தி செய்ததைச் சொல்கிறேன்: சொட்டுநீர்க் குழாயில் எலி கடித்த இடத்தை நேராக நறுக்கி இணைப்பான் போட்டது, உர மூட்டையின் தையலைப் பிரித்தது, மிளகுக் கொடியைக் கல்யாண முருங்கையோடு கட்ட வாழைநாரைக் கிழித்தது, மதியத்துக்கு நாலு வெங்காயம், ஒரு கொய்யாப் பழம், சாயங்காலம் அடுப்புக்குச் சுள்ளி சீவியது. இதில் ஒன்றைக்கூட அரிவாள் சுத்தமாகச் செய்யாது, அடுப்படிக் கத்தியைத் தோட்டத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. மடக்குக் கத்தி செய்யும்தான். ஆனால் ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் மடக்கைத் திறப்பது, மண்ணும் கறையும் புகுந்த மடக்கு இணைப்பைச் சுத்தம் செய்வது, அழுத்தும்போது விரல் மேல் மடங்கிவிடுமோ என்ற நினைப்பு, இதெல்லாம் உறையிலிருந்து உருவுகிற கத்தியில் இல்லை. வேலை முடிந்ததும் தண்ணீரில் காட்டித் துடைத்து உறையில் போட்டால் ‘டக்’ என்று உட்காரும், அவ்வளவுதான்.

அரிவாள் செய்கிற வேலையை மட்டும் இதனிடம் கேட்காதீர்கள். இளநீர் சீவுவது, மட்டை வெட்டுவது, வாழை மரத்தைச் சாய்ப்பது எல்லாம் கனத்தால் நடக்கிற வேலை. 100 கிராம் சொச்சம் எடையுள்ள கத்தியை ஓங்கி வீசினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, கைதான் நோகும், வாயில் பல் விழும். நம் ஊர் ஆசாரிகள் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருகிற அரிவாளை மதிக்கிறவன் நான். அந்தப் பட்டை எஃகு உடையாமல் வளைந்து கொடுக்கும், தோய்ச்சலையும் அடி வாங்கத் தகுந்தபடி மிருதுவாகத்தான் வைப்பார்கள். ஓங்கி வெட்டும்போது அதுதான் காப்பாற்றுகிறது. கத்தியை அதைவிடக் கடினமாக வைப்பார்கள், மெல்லிய வாய் மடங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காக. அடி தாங்குவதும் கூர் நிற்பதும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் வரும். நான் பட்டறையில் பார்த்த எல்லா எஃகிலும் இந்தப் பேரம் இருந்தது.

கட்டையால் அடித்துப் பிளக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஆளாளுக்கு ஒரு கருத்து. என் பழக்கத்தை மட்டும் சொல்கிறேன், அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விரல் தடிமனுக்குள், முடிச்சில்லாத, காய்ந்த குச்சி என்றால் தாராளமாகப் பிளக்கலாம், மெல்லிய கத்தி தாங்குகிறது. மூங்கிலோ இன்னும் சுலபம், இரண்டு தட்டுக்குப் பிறகு தானே ஓடிவிடும். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் போனால் நான் அரிவாளையோ கோடாலியையோ எடுப்பேன். காரணம் கத்தியின் வால், அதாவது பிடிக்குள் போகிற அலகின் பகுதி. கம்பேனியன் மாதிரிக் கத்திகளில் அலகின் வால் பிடியின் கடைசி வரை போகாது, முடிச்சில் சிக்கி நிற்கிற அலகைப் பக்கவாட்டில் முறுக்கினால் அந்த இடத்தில்தான் வலி விழும். வால் முழுதும் ஓடுகிற கத்திகளும் இருக்கின்றன, கனமும் விலையும் கூடுதல். அப்பா தோப்பில் கோடாலி இருக்கும்போது அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஏன் கத்தியால் பிளக்க வேண்டும் என்று கேட்டால், மழைக்கால அடுப்புக்குத்தான். ஐப்பசியில் எங்கள் பக்கம் நாலு நாள் விடாமல் பெய்தால் தரையில் கிடக்கிற சுள்ளி எதுவும் பற்றாது. அப்போது செத்து நின்றபடியே காய்ந்த சில்வர் ஓக் கிளை ஒன்றை ஒடித்துக்கொள்வேன். மேலே நனைந்திருக்கும், நடுவில் பிளந்தால் உள்ளே வெளுப்பாக, உலர்ந்து இருக்கும். அந்த உள்பக்கத்தை மேலே வைத்து, குச்சியின் ஒரு நுனியைப் பலகையில் ஊன்றி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை நீட்டிச் சீவ வேண்டும். சுருள் மெல்லிசாக எழும்பி வரும், கடைசி வரை போய் அறுத்துவிடாமல் நுனியிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். பத்துப் பதினைந்து சுருள் ஒரே குச்சியில் கொத்தாக நிற்கும்போது ஒரு தீக்குச்சி போதும். முதல் நாள் எல்லாச் சுருளும் அறுந்து விழும், பரவாயில்லை, அவையும் பற்றும். சுருள் பொடிப்பொடியாக வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சாணை பிடிக்கிற விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் அகலமான ஒரே ஒரு சரிவு உள்ள கத்தியை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்: எத்தனை டிகிரி என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், அந்தச் சரிவே சொல்லிக் கொடுக்கும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் நொய்யும் ஒரு பக்கம் சொரசொரப்புமாகக் கிடைக்கிற கார்போரண்டம் கல்லே தொடங்கப் போதும். தண்ணீர் விட்டு, ஈரத்துணி மேல் வைத்து, கல் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலகைக் கல் மேல் வைத்து மெல்ல சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் கல்லோடு படிந்து உட்காரும், விரலுக்குத் தெரியும். அப்படியே விரலால் அழுத்தி, வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள். கல் மேல் இருக்கிற தண்ணீர் வாயோரத்தில் சின்னக் கோடாக எழும்பி அலகு மேல் ஏற வேண்டும். ஏறினால் வாய் கல்லைத் தொடுகிறது, ஏறாமல் அடியிலேயே ஓடினால் நீங்கள் வாயைத் தொடாமல் சரிவின் மேல் விளிம்பை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள், எங்கே மை மிச்சமோ அங்கே கல் படவில்லை.

ஒரு பக்கம் தேய்த்தது போதுமா என்பதைப் பிசிறு சொல்லும். தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி இழுத்தால் மெல்லிய கம்பி மாதிரி ஒன்று தட்டுப்படும். வாய் நெடுக ஒரு இடம் விடாமல் தட்டுப்பட வேண்டும். விரலை வாய் வழியே நீளவாக்கில் மட்டும் ஓட்டாதீர்கள். அப்புறம் மறுபக்கம் அதேபோல, அதன் பிறகு நொய்க் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் கையின் கனத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் சொந்த எடையில் நாலு இழுப்பு. பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாயைப் பின்னால் விட்டு இருபது தடவை இழுத்தால் பிசிறு போய்விடும். வெளிச்சத்துக்கு நேரே வாயைப் பிடித்துப் பாருங்கள், மழுங்கின இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும், கூரான இடத்தில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மரமும் மூங்கில் கணுவும் அதிகம் சீவுகிறவர்கள் கடைசி நாலைந்து இழுப்பில் முதுகை ஒரு நூலளவு தூக்கிப் பிடித்தால் வாய் சீக்கிரம் மடங்காது. தினமும் பெல்ட், வாரம் ஒரு முறை நொய்க் கல், மாதத்துக்கு ஒரு தடவை சொரசொரப்பு. இதுதான் என் கணக்கு. கயிறு நிறைய அறுக்கிற வாரத்தில் இந்தக் கணக்கு நிற்காது, மண் ஏறிய தேங்காய்நார்க் கயிறு மாதிரி வாயைத் தின்கிற பொருள் வேறில்லை.

தெருவில் சாணைக்காரர் வந்தால் அரிவாள்மணையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றுகிற கல்லில் மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடாகிவிடும். கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் ஓடினால் ஏறத்தாழ 230 டிகிரி, நீலம் ஓடினால் 300 பக்கம்; துருப்பிடிக்காத எஃகில் அதே நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் வரும். எந்த வகையானாலும் கத்தி எஃகில் நீலம் ஓடிய இடத்தில் கடினம் இறங்கிவிட்டது, அந்தப் பகுதி தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது. பட்டறையில் இந்த நிறங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்தேன், அதனால் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கத்தியால் தணலைக் கிளறுவதும் இதே கேடுதான்.

இப்போது எந்த இரும்பு. நம் ஈரத்துக்கும் புளி, எலுமிச்சைக்கும் துருப்பிடிக்காத எஃகே வசதி. மோராவில் வருகிற 12சி27 என்கிற வகையில் குரோமியம் 13.5 சதவீதம், கார்பன் 0.6 சதவீதம். கூர் ஏற்றுவது சுலபம், எதற்கும் முரண்டு பிடிக்காது. கார்பன் எஃகு இன்னும் கொஞ்சம் நொய்யாகக் கூர் ஏறும், பலருக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் வாழை சீவிய அரை மணி நேரத்தில் கருநீலமாகிவிடும். வாழைக்கறையில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற கறுப்பு அது, கெடுதல் இல்லை. செம்பழுப்பாக, தடவினால் ஒட்டினால் அதுதான் துரு, அதை விடக்கூடாது. இரண்டில் எதுவானாலும் பலாப்பால் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடையுங்கள். தோல் உறை பார்க்க அழகு, ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரத்தைக் குடித்துவிட்டு அலகை நாள் முழுக்க நனைத்துக்கொண்டிருக்கும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறைதான் தோட்டத்துக்கு.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இடதுகைக் கட்டைவிரலின் அடியில் எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது, ஆறு தையல். குழாயை உள்ளங்கையில் வைத்து என்னை நோக்கி இழுத்து அறுத்தேன், குழாய் சட்டென்று விட்டது, கத்தி நிற்கவில்லை. அன்றைக்குக் கத்தி மழுங்கலாக இருந்தது, அதனால்தான் அவ்வளவு அழுத்தினேன். அதற்குப் பிறகு குழாயை எப்போதும் ஒரு கட்டையின் மேல் வைத்து, கீழ்நோக்கித்தான் அறுக்கிறேன். உட்கார்ந்து சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவே கத்தியைக் கொண்டுபோகாதீர்கள், தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. முழங்காலுக்கு வெளியே, பக்கவாட்டில் வைத்துச் சீவுங்கள். வெட்டிக்கொண்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். பீய்ச்சி அடித்தாலோ, விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அழுத்தியபடியே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாகிறது என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலைப்பக்கம் போகிறேன் என்றீர்கள், அதனால் சட்டமும் கொஞ்சம். நான் வக்கீல் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசுகிற 4 அங்குலம் அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் காடு வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும் என்று அதன் 31-ஆம் பிரிவு சொல்கிறது, தேசியப் பூங்காவுக்கும் அதுவே. கொடைக்கானல் பக்கம் 2013-லிருந்து சரணாலயம் என்பதால், நீங்கள் போகிற பாதை அதற்குள் வருகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, வந்தால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த நடைக்குத் தேவையான வெங்காயத்தை முந்தின நாளே நறுக்கிக்கொள்ளலாம். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்காகப் போடும் பெட்டியில் உறையோடு வையுங்கள். ஊருக்குள் பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ இடுப்பில் தெரியும்படி கட்டிக்கொண்டு போக எந்த அவசியமும் இல்லை, தோப்புக்குப் போகிறவரை பைக்குள் இருக்கட்டும். சுவீடனிலேயே தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது, தச்சர் தச்சு வேலைக்குப் போகும்போது வைத்திருக்கலாம்.

வாங்கியதும் முதல் வாரம் காட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் அடுப்படியில் காய்கறி முழுவதையும் அதிலேயே நறுக்குங்கள், பார்சல் அட்டைகளை அதிலேயே கிழியுங்கள், ஒரு காய்ந்த தென்னம்பாளையோ மூங்கில் துண்டோ எடுத்துச் சுருள் சீவிப் பழகுங்கள், ராத்திரி பெல்ட்டில் இருபது இழுப்பு. எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற பெரியவர் என் கத்தியை முதல் தடவை பார்த்தபோது, “இதுல என்ன தம்பி வெட்டுவ, அரை அடி கூட இல்ல” என்று கேட்டார். இப்போது வாழைநார் கிழிக்கிற நாளில் காலையிலேயே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறார், சாயங்காலம் கழுவித் துடைத்து உறையோடு திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்.